‘ஏன் செய்கிறாய், எப்படி யோசித்தாய்?’: மாணவர் படைப்பாற்றலின் இரண்டு கேள்விகள்

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது குஷாய்குடா. ஒருபுறம் செர்லபள்ளி, இன்னொருபுறம் மௌலா அலி. நடுவில் ஒரு தொழிற்பேட்டை, அரசுப் பேருந்து டிப்போ, சுற்றிலும் சின்னச் சின்னக் காலனிகள். 1967இல் அணுசக்தித் துறையின் கீழ் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்ட பிறகு இந்த வட்டாரத்தின் முகமே மாறியது. ஊர்க்காரர்கள் இசிஐஎல் என்று மட்டும்தான் சொல்வார்கள். அதைக் கட்டியெழுப்பிய ஏ.எஸ். ராவின் பெயரில் பக்கத்திலேயே ஒரு நகர் இருக்கிறது.

ட்ராம்பேயில் அணு உலைகளுக்கான மின்னணுக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்து பழகிய குழுவிலிருந்து கிளைத்தது இந்த நிறுவனம். இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளில் ஒன்றான டிடிசி-12 இதன் பெயரோடு சேர்ந்தது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியை 1979இல் உருவாக்கியதும் இதே நிறுவனம்தான். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அந்த இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. இதே இயந்திரத்துக்காக பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எழுத்தாளர் சுஜாதா பணியாற்றியது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

முன்மாதிரி எதுவும் கையில் இல்லாமல், பாதி வழியில் தவறு என்று தெரிந்தால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்த்து, செய்து பார்த்தே கற்றுக்கொண்ட தலைமுறை அது. இன்று அதே வட்டாரத்தில், ஹைதராபாத்தின் மற்றப் பகுதிகளைப் போலவே, பள்ளிப் பெயர்ப் பலகைகளில் ‘டெக்னோ’, ‘ஒலிம்பியாட்’, ‘கான்செப்ட்’ என்ற சொற்கள் மின்னுகின்றன. ஆறாம் வகுப்பிலேயே ‘ஐஐடி ஃபவுண்டேஷன்’ தொடங்கிவிடுகிறது. எதைப் படிக்க வேண்டும், எந்தக் கணக்கை எத்தனை நொடியில் முடிக்க வேண்டும், எதற்காக முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கால அட்டவணையே சொல்லிவிடுகிறது. மாணவருக்கென்று மிச்சம் இருப்பது உழைப்பு.

உழைப்பு குறைவாக இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தன் யோசனை எந்தத் திசையில் போகிறது என்று கவனிக்கும் பழக்கம் ஒன்று; இதை நான் ஏன் செய்கிறேன் என்று அறிந்திருப்பது இன்னொன்று. படைப்பாற்றலைப் பற்றிய அரைநூற்றாண்டு ஆய்வுகள் இந்த இரண்டையும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசின. இரண்டும் சந்திக்கும் புள்ளியைத் தொட்ட ஆய்வுகள் குறைவு. வகுப்பறைக்கு அதிகம் பயன்படக்கூடியவை அவைதான்.

இருபது நிமிடம் ஒரே பாதை

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளேவலும் அவருடைய சகாக்களும் 1970இல் சிறு குழந்தைகளிடம் எளிய சோதனை ஒன்றை நடத்தினார்கள். சில பொருட்களைக் காட்டி, முழுதும் நினைவில் நின்றுவிட்டது என்று உறுதியானதும் சொல்லச் சொன்னார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் ‘தயார்’ என்றபோது பெரும்பாலும் தயாராகவே இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளும் அதே உறுதியோடு ‘தயார்’ என்றார்கள். கேட்டால் பாதி மறந்திருந்தது. மறதியைவிட, மறந்தது தெரியாமல் இருந்ததுதான் ஃப்ளேவலின் கவனத்தை ஈர்த்தது. சிந்தனையைத் தானே கண்காணிக்கும் திறன் என்ற ஆய்வுத்துறைக்கு 1979இல் அவர் எழுதிய கட்டுரை அடித்தளமானது.

வளர்ந்த மாணவர்களிடம் இது எப்படி இருக்கிறது என்று பார்த்தவர் அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட். பழக்கமில்லாத கணக்கு ஒன்றைக் கொடுத்து, மாணவர்கள் இருபது நிமிடம் போராடுவதை வீடியோவில் பதிவு செய்தார். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள். பிறகு ஒவ்வொன்றையும் நேரக்கோடாக வரைந்தார். படித்தல், அலசல், தேடல், திட்டம், செயல், சரிபார்ப்பு என்று மேலிருந்து கீழாக ஆறு வரிசைகள். இடமிருந்து வலமாக நிமிடங்கள். மாணவர்களின் கோடு பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் படிக்கிறார்கள், சட்டென்று ஒரு வழியைப் பிடிக்கிறார்கள், மணி அடிக்கும்வரை அதிலேயே ஓடுகிறார்கள். ஏறத்தாழ 60 விழுக்காடு முயற்சிகள் இந்த வகை.

ஒப்பிடுவதற்காக ஒரு கணிதப் பேராசிரியரிடமும் வடிவகணிதக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். அவர் அந்தப் பாடத்தை விட்டு ஆண்டுக்கணக்காகியிருந்தது. அவருடைய கோடு மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. அலசலிலேயே பெரும்பகுதி நேரம் போனது. இது சரியாக வருமா, இதைத் தொடரலாமா, எதை விட்டுவிட்டேன் என்று அவர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்ட இடங்களில் ஷோன்ஃபெல்ட் சின்ன முக்கோணம் ஒன்றைப் போட்டார். மாணவர்களின் கோடுகளில் அந்த முக்கோணங்கள் அரிதாகவே தென்பட்டன. பேராசிரியர் தவறான பாதைகளிலும் போனார். ஆனால் அவற்றில் தங்கவில்லை. கணக்கை முடித்தும் விட்டார்.

ஷோன்ஃபெல்ட் தன் வகுப்பில் மாணவர் குழுக்களுக்கு நடுவே நடந்தபடி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது சரியாக என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? ஏன் அதைச் செய்கிறீர்கள்? அது எப்படி உதவும்? பருவத்தின் தொடக்கத்தில் மாணவர்கள் விழித்தார்கள். கேள்வி எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்ததும் தங்களுக்குள்ளேயே கேட்டுப் பழகினார்கள். பருவ முடிவில் ஒரே பாதையில் கண்மூடி ஓடும் முயற்சிகள் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கின.

மூன்றில் நடுக் கேள்வி ‘ஏன்’. ஷோன்ஃபெல்ட் அதை உத்தியைப் பற்றிய கேள்வியாகவே வைத்தார். கணக்குக்குள் நின்று கேட்கும் இந்த ‘ஏன்’ ஒரு படி வெளியே வந்தால், இந்தக் கணக்கையே ஏன் செய்கிறோம் என்று விரியும். ஊக்கம் பற்றிய ஆய்வுகள் தொடங்குவது அங்கேதான்.

தங்க நட்சத்திரம் செய்த வேலை

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தின் பிங் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை.

ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு ஒளிந்து நின்று கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் விளையாட்டு நேரத்தில் 8.6 விழுக்காட்டை மட்டுமே வரைவதில் செலவிட்டார்கள். பரிசே இல்லாதவர்கள் 16.7 விழுக்காடு, எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் 18.1 விழுக்காடு. பரிசு என்ற பொருள் எதையும் கெடுக்கவில்லை. ‘பரிசுக்காகத்தான் வரைகிறேன்’ என்ற எண்ணம் குழந்தையின் மனதில் நுழைந்ததுதான் ஆசையைப் பாதியாக்கியது.

உளவியலாளர் தெரசா அமபிலே இதைப் படைப்பின் தரத்துக்கே நீட்டினார். 1985இல் வெளியான அவருடைய ஆய்வில் எழுத்தில் தீவிர ஈடுபாடு கொண்ட 72 இளைஞர்கள் பங்கேற்றனர். எல்லோரும் முதலில் பனியைப் பற்றி ஹைக்கூ பாணியில் ஒரு சிறு கவிதை எழுதினார்கள். பிறகு ஒரு பகுதியினரிடம் எழுதுவதற்கான அகக் காரணங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள்: சொற்களோடு விளையாடும் இன்பம், மனதில் உள்ளதைத் தெளிவாகச் சொல்லும் நிறைவு போன்றவை. இன்னொரு பகுதியினருக்குப் புறக் காரணங்கள்: ஆசிரியரை அசத்துவது, எழுத்தால் பணம் ஈட்டுவது போன்றவை. சில நிமிட வேலைதான். அடுத்து சிரிப்பைப் பற்றி ஒரு கவிதை. எந்தக் கவிதை எந்தக் குழுவுடையது என்று தெரியாத கவிஞர்கள் நடுவர்களாக மதிப்பிட்டார்கள். புறக் காரணங்களை எண்ணிப் பார்த்தவர்களின் படைப்பாற்றல் தெளிவாக இறங்கியிருந்தது. பரிசு, பணம் எதையும் யாரும் கொடுக்கவில்லை, நினைவூட்டினார்கள், அவ்வளவுதான்.

இந்த முடிவுகளை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ராபர்ட் ஐசன்பெர்கரும் ஜூடி கேமரனும் 1996இல் கடுமையாக மறுத்தார்கள். புதுமையாக யோசிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அதற்கே பரிசு வைத்தால் புதுமை கூடுகிறது என்பது அவர்கள் வாதம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் மூவரும் 1999இல் 128 சோதனைகளைத் திரட்டி, எதிர்பார்க்க வைக்கும் பொருள்பரிசுகள் உள்ளூக்கத்தைக் குறைக்கவே செய்கின்றன என்று பதில் சொன்னார்கள். சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. அமபிலேயே பின்னாளில் தன் நிலையைத் தளர்த்தினார்: ஆளைக் கட்டுப்படுத்தாமல், அவருடைய திறமையை அவருக்கே உறுதிசெய்யும் பாராட்டு உள்ளூக்கத்தோடு சேர்ந்தே நடக்கும் என்றார்.

பரிசுக்கு எதிரான தடுப்பூசி

1989இல் பெத் ஹென்னெஸி, அமபிலே, மார்டினேஜ் ஆகியோர் நடத்திய ஆய்வு, இந்தச் சண்டையின் நடுவே அதிகம் கவனிக்கப்படாமல் போனது. பரிசு இல்லாத பள்ளி உலகில் எங்குமே இல்லை. ஆகவே பரிசின் கெடுதலிலிருந்து குழந்தையைக் காக்க முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சில வீடியோக்களைக் காட்டினார்கள். வீடியோவில் அவர்கள் வயதையொத்த சிறுவர்கள், தங்களுக்குப் பிடித்த பாடம் எது, அதில் என்ன பிடிக்கிறது, நல்ல மதிப்பெண்ணும் பாராட்டும் கிடைத்தால் மகிழ்ச்சிதான் என்றாலும் அதற்காக மட்டும் படிப்பதில்லை என்று பெரியவர் ஒருவரிடம் பேசுகிறார்கள். அதன் பிறகு, பார்த்த பிள்ளைகளிடமே உனக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பேச்சுக் கொடுத்தார்கள்.

பிறகு பரிசு அறிவித்து ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். இந்தப் பயிற்சி இல்லாத குழந்தைகளிடம் பரிசு தன் வழக்கமான வேலையைக் காட்டியது. பயிற்சி பெற்ற குழந்தைகளின் கதைகளில் அந்தச் சரிவு இல்லை. தன் ஆசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய குழந்தையால் பரிசை அதற்குரிய இடத்தில் வைக்க முடிந்தது.

சிந்தனையின் தன்னுணர்வும் ஊக்கமும் கைகோக்கும் இடம் இதுதான். ‘ஏன் செய்கிறேன்’ என்பதும் தன்னைத்தானே கவனிக்கும் செயலே. வழியைக் கவனிப்பவர் தவறான பாதையிலிருந்து திரும்புகிறார். காரணத்தைக் கவனிப்பவர் பரிசின் இழுப்பிலிருந்து திரும்புகிறார். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பழக்கம்.

ஜேம்ஸ் காஃப்மனும் ரொனால்ட் பெகெட்டோவும் 2013இல் இதற்கு இன்னொரு பரிமாணம் சேர்த்தார்கள். தன் பலம், பலவீனம் அறிந்திருப்பதோடு, எங்கே புதுமை தேவை, எங்கே வேண்டாம் என்று தெரிந்திருப்பதும் படைப்பாற்றலின் பகுதி என்றார்கள். ஜேஇஇ தேர்வு அறையில் மூன்றாவது வழியைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும். அங்கே தெரிந்த சூத்திரத்தைப் போட்டுவிட்டு நகர்வதே புத்திசாலித்தனம். அறிவியல் கண்காட்சிக்கு அதே சூத்திரப் புத்தி உதவாது. இரண்டு இடத்துக்கும் ஒரே முகத்தோடு போகும் மாணவர் எங்காவது தோற்பார்.

இத்துறை ஆய்வுகளில் ஒரு பலவீனம் உண்டு. உலகெங்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, ‘என் யோசனையை நான் திட்டமிடுகிறேன்’, ‘கற்பதை விரும்புகிறேன்’, ‘எனக்குப் புதிய எண்ணங்கள் தோன்றுகின்றன’ என்ற வாக்கியங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் இடையே தொடர்பு கிடைக்கிறது, கட்டுரை வெளியாகிறது. தன்மேல் நம்பிக்கை உள்ள பிள்ளை மூன்றிலும் ஐந்து போடும், கூச்ச சுபாவமுள்ள பிள்ளை மூன்றிலும் இரண்டு போடும் என்பதை இந்த முறையால் பிரித்தறிய முடியாது. மாணவர் செய்த பொருளை வேறொருவர் மதிப்பிடும் அமபிலே பாணி ஆய்வுகள் அதனால்தான் எடை கூடியவை.

ராமானுஜனும் ஹார்டியின் தயக்கமும்

தமிழ் மண்ணில் உள்ளூக்கத்துக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயர் ராமானுஜன். கார் என்பவர் தொகுத்த, நிரூபணங்கள் பெரிதும் இல்லாமல் ஆயிரக்கணக்கான சூத்திரங்களை அடுக்கிய புத்தகம் பள்ளி வயதில் கையில் கிடைத்ததும், 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து கணிதத்தைத் தவிர எதையும் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்ததும், சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாமல் போனதும் பலமுறை சொல்லப்பட்டவை. மதிப்பெண், பட்டம், வேலை என்ற எல்லாப் புறவூக்கங்களையும் அவருடைய ஆசை தோற்கடித்தது.

அவருடைய கதையில் குறைவாகப் பேசப்படுவது சரிபார்ப்பு. காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டுப் பார்த்து முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நிரூபித்த புரூஸ் பெர்ண்ட் கண்ட பிழைகள் மிகச் சில. ஆக, சிலேட்டில் ஏதோ ஒரு கறாரான சோதனை நடந்திருக்கிறது. ஆனால் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்கள் பற்றி அவர் உறுதியோடு சொன்னவற்றில் தவறு இருந்தது. சிறிய எண்களைப் போட்டுப் பார்த்தால் சரியாகவே தோன்றக்கூடிய சூத்திரங்கள் அவை. ரீமான் சார்பின் சிக்கலெண் பூச்சியங்களை அவர் அறிந்திருக்கவில்லை. பல இடங்களில் பொய்க்காத உள்சோதனை எந்த இடத்தில் கைவிடும் என்று சொல்ல அவருக்கு அப்போது ஒரு வழியும் இல்லை.

1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்ததும் ஹார்டிக்கு முன் நின்ற சிக்கல், இன்றைய கல்வியாளர்களின் சிக்கலேதான். கறாரான நிரூபண முறையை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க வேண்டும்; அதை வற்புறுத்தினால் அவருடைய தன்னம்பிக்கையோ உந்துதலோ உடைந்துபோகுமோ என்ற பயமும் இருந்தது. ஹார்டி இதைப் பின்னால் எழுதியிருக்கிறார். முறையான பாடத்திட்டம் எதையும் அவர் திணிக்கவில்லை. சேர்ந்து ஆய்வு செய்துகொண்டே, தேவைப்படும் இடத்தில் மட்டும் சொல்லிக்கொடுத்தார். ராமானுஜனிடமிருந்து தான் கற்றது அதிகம் என்றும் எழுதினார். 1918இல் பகிர்வு எண்களைப் பற்றி இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அந்தக் கூட்டின் விளைச்சல். ஒருவரின் ஆசையும் இன்னொருவரின் கண்காணிப்பும் ஒன்றையொன்று நசுக்காமல் அதில் வேலை செய்தன.

ஏணியும் அட்டையும்

தனி மேதைகளுக்கு ஹார்டி கிடைக்கலாம். அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகள். அங்கே என்ன செய்வது?

தமிழ்நாடு இதற்கு ஒரு விடையை முயன்று பார்த்தது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துவிட்டு, அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். விரைவிலேயே மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007இல் மாநிலம் முழுவதற்கும் அது பரவியது.

அந்த வகுப்பறையில் ஆசிரியரின் நாற்காலிக்கு முக்கியத்துவம் இல்லை. சுவரில் ஒரு கற்றல் ஏணி தொங்கும். ஒவ்வொரு படியிலும் பறவை, விலங்கு, வண்டி என்று ஒரு சின்னம்; பக்கத்தில் ஓர் எண். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய தட்டிலிருந்து குழந்தையே அட்டையை எடுக்கும். அட்டையில் உள்ள குறி, எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று சொல்லும்: ஆசிரியர் உதவியோடு, கொஞ்சம் உதவியோடு, சக மாணவர் உதவியோடு, தனியாக, அல்லது மதிப்பீட்டுக்கு. சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற கரும்பலகை. முடித்த பிறகு அடுத்த படி. பக்கத்துப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்பது அந்தக் குழந்தைக்கு முக்கியமில்லை.

ஏழு வயதுக் குழந்தையிடம் ‘நீ இப்போது எங்கே இருக்கிறாய், அடுத்து எங்கே போக வேண்டும், யார் உதவி வேண்டும்’ என்ற மூன்று கேள்விகளை ஒரு சுவர்ப்படம் தினமும் கேட்டது என்றால், கண்காணிப்பின் அரிச்சுவடியாக அதைவிட எளிமையாக ஒன்றைச் செய்வது கடினம். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு வந்த அடுத்த கட்டத்துக்கு அரசு வைத்த பெயரே படைப்பாற்றல் கல்வி. பாடத்தைத் தானே படித்து, புரிந்ததை ஒவ்வொருவரும் தனித்தனியாக மனவரைபடமாக வரைந்து, பிறகு குழுவில் ஒப்பிட்டு, சொந்த வார்த்தையில் தொகுத்து எழுத வேண்டும். தன் புரிதலை அடுத்தவரின் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, தான் எதை விட்டுவிட்டோம் என்பது ஆசிரியர் சொல்லாமலே கண்ணில் படும்.

இவை நீடித்த விதம் வேறு கதை. அட்டைகள் கிழிந்தன, புதிதாக வரத் தாமதமானது, பதிவேடுகள் பெருகின என்று ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த மனவரைபடத்தையே வகுப்பு முழுதும் நகலெடுத்தால் அது வெறும் வரைபடம்தான். பின்னர் பாடநூல்கள் மாறின, முறைகளும் மாறின. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. எந்த நிலை என்று முடிவு செய்பவர் அதில் ஆசிரியர்.

மதிப்பெண் ஆன சிந்தனை

தெலங்கானாவின் அனுபவம் இதைவிடக் கூர்மையான ஒரு பாடத்தைத் தருகிறது. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் திட்டமிடப்பட்ட பத்தாம் வகுப்புச் சீர்திருத்தம் 2014-15இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு பாடத்தின் நூறு மதிப்பெண்ணில் 80 பொதுத்தேர்வுக்கு, 20 அகமதிப்பீட்டுக்கு என்று ஆனது. அகமதிப்பீட்டின் கருவிகள் நான்கு: மாணவர் பங்கேற்பும் பிரதிபலிப்பும், எழுத்து வேலை, செயல்திட்டம், சிறுதேர்வு. முதல் கருவியைக் கவனிக்க வேண்டும். பாடம் உனக்குள் என்ன செய்தது, நீ எப்படிப் புரிந்துகொண்டாய் என்று மாணவர் எழுத வேண்டும். கல்விக் கோட்பாட்டின்படி பார்த்தால் அருமையான யோசனை.

அதற்கு மதிப்பெண் வைத்ததும் அதன் தன்மை மாறியது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று நேர்மையாக எழுதும் மாணவருக்கு என்ன லாபம்? சிந்தனையைக் கவனிக்கும் பயிற்சி, சிந்தித்ததாகக் காட்டும் பயிற்சி ஆகிவிடும் ஆபத்து அங்கே இருந்தது. தனியார் பள்ளிகள் அகமதிப்பெண்ணை அள்ளி வழங்குகின்றன என்ற புகார் வலுத்தது. 2024 நவம்பரில் அகமதிப்பெண்ணை நீக்கி முழு நூறையும் பொதுத்தேர்வுக்கே தருவதாக மாநில அரசு அறிவித்தது. உடனடியாகவே அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியும் வைத்தது. லெப்பரின் குழந்தைகளுக்கு நட்சத்திரம் செய்ததை, பத்தாம் வகுப்பின் பிரதிபலிப்புக்கு மதிப்பெண் செய்தது என்று சொல்லலாம்.

பரிசு நோக்கிய திட்டங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர்-மானக் திட்டம் பள்ளி மாணவர்களின் எண்ணங்களைத் தேர்ந்தெடுத்து, மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறது. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை பெறுகின்றன. பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. ஆனால் ஹைதராபாத் கோட்டியின் மின்னணுக் கடைகளில் சென்சார், மோட்டார், பலகை எல்லாம் ஒரே பொட்டலமாக வாங்கி, யூடியூப் பார்த்துப் பொருத்தி, தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டியை மேசையில் வைப்பதற்கும், ஒரு சிக்கலைத் தானே தேடிக் கண்டெடுப்பதற்கும் பெரிய தூரம் உண்டு.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் அந்தத் தூரத்தைக் கடந்த ஒருவர். தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, அதிலிருந்து சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். தினமும் எல்லோரும் பார்க்கும் வண்டியில் ஒரு கேள்வி இருப்பதாக அவருக்குத்தான் தோன்றியது. கேள்வியை ஆயத்தமாகக் கொடுத்துவிடும் கோச்சிங் வகுப்பில் இந்தத் தசைக்கு வேலையே இல்லை.

சிங்கப்பூரின் ஐங்கோணம்

பரீட்சை இருந்தால் படைப்பாற்றல் வளராது என்ற எளிய முடிவுக்குப் போக முடியாதபடி ஒரு நாடு குறுக்கே நிற்கிறது. பைசா என்ற சர்வதேச மாணவர் தேர்வு 2022இல் முதன்முறையாகப் படைப்புச் சிந்தனையை அளந்தது. 2024 ஜூனில் வெளியான முடிவில் சிங்கப்பூர் 60க்கு 41 பெற்று முதலிடம் பிடித்தது. ஓஇசிடி நாடுகளின் சராசரி 33. இந்தியா அந்தச் சுற்றில் பங்கேற்கவில்லை. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பெற்றோர் நடுங்கும் ஊர் சிங்கப்பூர். டியூஷன் செலவுக்கும் பேர்போனது.

அந்நாட்டின் கணிதப் பாடத்திட்டம் 1990 முதல் ஓர் ஐங்கோணப் படத்தை மையமாக வைத்திருக்கிறது. நடுவில் சிக்கல் தீர்த்தல். ஐந்து பக்கங்களில் கருத்து, திறன், செயல்முறை ஆகிய மூன்றோடு மனப்பான்மையும், தன் சிந்தனையைத் தானே கண்காணித்தலும் சமமாக நிற்கின்றன. ஆசை ஒரு பக்கம், கண்காணிப்பு ஒரு பக்கம்; இரண்டும் பாடத்தின் உறுப்புகள். இந்தப் படம் மட்டுமே முதலிடத்தைத் தந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பரீட்சை மிகுந்த ஒரு சமூகம் இந்த இரண்டையும் ஓரங்கட்டாமல் பாடத்துக்குள்ளேயே வைக்க முடியும் என்பதற்கு அது சான்று. அதே சிங்கப்பூர் 2019 முதல் ஒன்று, இரண்டாம் வகுப்புத் தேர்வுகளை விலக்கியது. பிறகு அரையாண்டுத் தேர்வுகளையும் படிப்படியாக எடுத்துவிட்டது.

இந்தியாவில் 2020 தேசியக் கல்விக் கொள்கை முன்னேற்ற அட்டையில் மாணவரின் சுயமதிப்பீட்டுக்கும் சக மாணவர் மதிப்பீட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. என்சிஇஆர்டியின் கீழுள்ள பரக் அமைப்பு அதற்கான மாதிரி அட்டைகளையும் தயாரித்துள்ளது. தெலங்கானாவின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், அந்தச் சுயமதிப்பீட்டை எண்ணாக மாற்றிக் கூட்டலில் சேர்க்காமல் இருப்பதே முதல் நிபந்தனை.

இரண்டாவது, இந்தப் பழக்கம் நம் வகுப்பறைகளில் பயன்தருமா என்பதற்கு ஆதாரம் தேட வேண்டும். அதற்குக் குஷாய்குடா போன்ற இடம் பொருத்தமானது. அரசுப் பள்ளி, மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கோச்சிங் பாணித் தனியார் பள்ளி மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கும் வட்டாரம் அது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியும் தொலைவில் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகள் போதும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே கண்காட்சி, ஒரே பரிசு. பாதிப் பிரிவுகளில் மட்டும் அதற்கு முன்பு சில பிற்பகல்களில், ஹென்னெஸியின் வீடியோக்களைப் போலத் தெலுங்கிலும் ஹிந்தியிலும் தமிழிலும் பிள்ளைகள் தங்கள் ஆசையைப் பேசட்டும். செய்யும்போது ஷோன்ஃபெல்டின் மூன்று கேள்விகளை ஆசிரியர் கேட்கட்டும். முடிவில் எந்தப் படைப்பு எந்தப் பிரிவினுடையது என்று தெரியாத, ஓய்வுபெற்ற இசிஐஎல் பொறியாளர்கள் நான்கைந்து பேர் மேசை மேசையாகப் போய் மதிப்பிடட்டும். செலவு, கண்காட்சிக்கு ஆகும் செலவுதான். கிடைக்கும் விடை எதுவானாலும், கேள்வித்தாளில் பிள்ளைகள் போட்ட ஐந்துகளைவிட அது நம்பத்தகுந்ததாக இருக்கும்.